மேலோடைத் தலை, கீழோடை வால்

உங்களுக்கு,

ஆய்விதழ் வந்தது. முழங்கால் மரத்துப்போகும் மலை ஓடையில் நின்று நான் பிடித்த கடிக்காத கொசு, உங்கள் புதிய இனமாக அச்சேறியிருக்கிறது. அதற்கு என் பெயரை வேறு வைத்திருக்கிறீர்கள்.

"அக்கா, உங்க பேர்ல ஒரு கொசுவாமே! சார் உங்க மேல உயிரையே வச்சிருக்காரு" என்றாள் ஆய்வகத்தில் குப்பி கழுவுகிறவள்.

அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காக நான் ஊருக்குப் போனபோது, ஆய்வகக் குளிர்பெட்டியில் நான் பிடித்த கொசுக்கள் இரண்டு குப்பிகளில் இருந்தன. "ரெண்டும் வேற வேற ஓடை. ஒரே தட்டுல கொட்டிடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். "எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று சிரித்தீர்கள்.

தலையையும் வாலையும் தனித்தனியாக வெட்டி ஒரே ஸ்லைடில் ஒட்டுவது நம் தொழில் வழக்கம். நேற்று உங்கள் ஸ்லைடைப் பார்த்தேன். தலை மேலோடைக் கொசுவுடையது, வால் கீழோடைக் கொசுவுடையது. இரண்டுமே எல்லோருக்கும் தெரிந்த பழைய இனங்கள். நான் திரும்பி வந்து அவை என்ன இனம் என்று சொல்வதற்குள், என் குப்பிகளைத் திருடி உங்கள் கண்டுபிடிப்பாக்கிவிட்டீர்கள். பிறக்கவே பிறக்காத ஒரு பூச்சிக்கு என் பெயர். சீ!

இதழுக்கு மறுப்பு அனுப்பிவிட்டேன். அந்தப் பெயர் இனி செல்லாது.

மாநாட்டிலிருந்து திரும்பும்போது நம் வீட்டு வாசலைப் பாருங்கள். பெயர்ப்பலகையில் உங்கள் பெயருக்குக் கீழே இருந்த என் பெயரைக் கழற்றிவிட்டேன். இரண்டு திருகுகள்தான். உங்களுடையது இப்போது கொஞ்சம் கோணலாகத் தொங்குகிறது.

இப்படிக்கு,
குப்பிகளுக்குச் சொந்தக்காரி