செல்லிக்குக் கொடுத்த மருந்து

பாப்பாவின் அம்மாவுக்கு,

ஊட்டியில் மழை விட்டுவிட்டது. ஏரிக்கரையில் சவாரி கிடைக்கிறது. நம் குதிரை செல்லி நன்றாகத் தின்கிறாள்.

நேற்று குதிரை டாக்டர் வந்தார். மருந்து கொடுத்த பிறகும் ரத்தச் சோதனையில் நாடாப்புழு அடையாளம் குறையவில்லையே, ஏன் என்று கேட்டேன். "புழு செத்தாலும், அதை எதிர்த்து உண்டான ஆன்டிபாடி ரத்தத்துல மாசக்கணக்கா நிக்குங்க. அதை வெச்சு மருந்து குடுக்கலைன்னு சொல்ல முடியாதுங்க" என்றார். நான் சேணத்தைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

உன் அண்ணன் முன்னால் உன்னைப் பொய்க்காரி என்றேனே, அது டாக்டருக்குத் தெரியாது. தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி மூடிய பிறகு நமக்குச் சோறு போடுவது இந்தக் குதிரைதான், அந்தப் பயத்தில் பேசிவிட்டேன் என்று எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். "என் கையாலதான் குடுத்தனுங்க" என்று நீ ஒரே முறைதான் சொன்னாய்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ அண்ணன் வீட்டுக்குப் போன மறுநாள் நானே மருந்து கொடுக்கப் பார்த்தேன். செல்லி கடிக்க வந்தாள். உன் பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போனேன். உன் வாசம் பட்டதும் தானாக வாயைத் திறந்தாள். எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. இருந்தும் டாக்டர் சொல்லும்வரை எழுதவில்லை.

அங்கே தேவர்சோலையில் குளிர் தொடங்கியிருக்கும். ஸ்வெட்டரைத் துவைத்துவிட்டேன். இனி செல்லி எனக்கு வாயைத் திறக்கமாட்டாள். நீ சொன்னால் கொண்டுவந்து தருகிறேன். வீட்டுக்குள் வரமாட்டேன்.

பாப்பாவின் அப்பா