நடுவில் அறுந்த ரோமம்

குடுபல்லி,
செப்டம்பர் 14

அன்புள்ள யாமினிக்கு, நைனா எழுதுவது. நானும் அம்மாவும் பதினெட்டுக் குறும்பாடுகளும் இங்கே சுகம். உன் சுகத்தை நீ அம்மாவிடம் மட்டும் சொல்வதால் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

போன வாரம் ராஜஸ்தானுக்கு உனக்கு அனுப்பிய ரோமத்தை உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் சோதிக்கக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடு. காரணம் சொல்கிறேன். பிப்ரவரிக்குப் பிறகு இந்த மாதம்தான் ரோமம் கத்தரித்தோம். வாங்க வந்த வரதராஜன் ஒரு கற்றையை இரண்டு கையாலும் இழுத்தார், பட்டென்று அறுந்தது. எல்லா ஆட்டிலும் அப்படியே. இன்னா சார், இதுங்கள பட்டினி போட்டுக்கினு இருந்தீங்களா என்று பத்துப் பேர் எதிரில் கேட்டார். தீனி குறைந்த நாட்களில் வளரும் ரோமம் மெலிந்துபோகும், இழுத்தால் அந்த இடத்தில்தான் அறும் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. மார்ச்சில் கிட்னிக் கல்லுக்காக நான் திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்த பதினைந்து நாள் ஆடுகளைப் பார்த்துக்கொண்டவன் உன் சித்தப்பா நாராயணசாமி. பங்கு பிரித்தபோது கிணற்றுப் பக்கத்து நிலத்தை எடுத்துக்கொண்டவன் புண்ணாக்கையும் எடுத்துக்கொண்டிருப்பான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அங்கே நின்றிருந்தவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். உன் ரிப்போர்ட் வந்ததும் அவன் வாசலில் நின்று படிப்பதாக இருந்தேன்.

நேற்று மீதிக் கற்றையை ஸ்கேல் வைத்து அளந்தேன். ரோமம் அடியிலிருந்து வளர்வதால் மார்ச் மாத ரோமம் நுனியில் இருக்க வேண்டும். நுனி திடமாக இருக்கிறது. சித்தப்பா என்னைவிட நன்றாகவே தீனி போட்டிருக்கிறான். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. அறுந்த இடம் நடுவில். அது ஜூன். என்னோடு பேசாமல் நீ ரயிலேறிய பிறகு இருபது நாள் நான் புண்ணாக்கு ஊறவைக்கவில்லை, கடலைக்கொடி போடவில்லை, காய்ந்த மேட்டில் அவிழ்த்துவிட்டதோடு சரி. அம்மாவிடம் முட்டி வலி என்று சொல்லியிருந்தேன். சாயங்காலம் போய்ச் சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பத்துப் பேர் எதுர்ல திருடன்னுட்டு இப்போ வூட்டாண்ட வந்து காதுல சொல்றியே அண்ணா, என் பொண்ணு கல்யாணத்துல மைக் இருக்குது, அதுல சொல்லு என்றான். உன் சித்தி தாட்சாயணி காபியில் சர்க்கரை போடாமல் கொடுத்தாள். கலைவாணிக்கு வெள்ளிக்கிழமை திருச்சானூரில் கல்யாணம். போகிறேன். மைக்கைத் தொடமாட்டேன், பந்தியில் எழுந்து நின்று சொல்வேன். குரல் இருக்கிறது. எனக்கு லெக்சரர் வேலை கொடுத்து அதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை, இவர்களாவது கேட்கட்டும்.

உனக்கு முடி கொட்டுகிறதாம், அம்மா சொன்னாள். அந்த ஊர்த் தண்ணீரைக் குறை சொல்லாதே. மனிதருக்குச் சாப்பாடு குறைந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டும் என்று படித்தேன். பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். உனக்கும் ஜூன்தான். அம்மாவிடம் சொல்லவில்லை. தினமும் முட்டையும் பருப்பும் சாப்பிடு. நான் புண்ணாக்கு ஊறவைக்கத் தொடங்கிவிட்டேன்.

உன் தட்டு என்றும் நிறைந்திருக்கட்டும், நீ நீண்ட நாள் நன்றாக இரு. கலைவாணிக்கு மறக்காமல் போன் செய்.

இப்படிக்கு,
உன் நைனா,
கு. முரளிதரன்