என் நோட்டில் உங்கள் தூக்கம்

அன்புள்ள 'என்னங்க'வுக்கு,

இங்கே நானும் அத்தையும் சுகம். தினமும்தான் போனில் பேசுகிறோமே, இவளுக்கு என்ன கடிதப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். டாக்டர் உத்தரவு. கடை விட்டு வந்ததும் ஆறிலிருந்து ஆறரை வரை மேஜையில் உட்கார்ந்து, மனசில் இருக்கிற கவலையையெல்லாம் எழுதிக் கொட்டிவிட வேண்டுமாம். படுக்கைக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாதாம். அதனால் அலாரம் வைத்துக்கொண்டு அடுப்படி மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். என் கவலையே நீங்கள்தான் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

டாக்டரா என்று பதறாதீர்கள். மூன்று மாதமாக எனக்குத் தூக்கம் இல்லை. உங்களிடம் சொல்லவில்லை. போன மாதம் கடையில் ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியரின் கண்ணாடிக்கு வலது லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் பொருத்திக் கொடுத்துவிட்டேன். மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். "ஏம்மா, எங்க வீட்டுப் படியெல்லாம் சாஞ்சு நிக்குது, வீட்டுக்காரியும் சாஞ்சு நிக்கிறா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "பதினோரு வருஷத்துல நீ இப்படிப் பண்ணினதே இல்ல. முதல்ல போய் டாக்டரைப் பாரு, அப்புறம் மெஷின் பக்கம் வா" என்று சொல்லிவிட்டார். இப்போது கல்லாவில் உட்கார்ந்து கண்ணாடிக்கூடு துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் ஒரு அம்மா. குறட்டை உண்டா, கால் குறுகுறுக்குமா, எத்தனை டீ, அழுகை வருகிறதா என்று துருவித் துருவிக் கேட்டார். ரத்தமும் எடுத்தார்கள், ஒரு குறையும் இல்லை. மாத்திரை கேட்டேன், முதலில் அது வேண்டாம் என்றார். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடச் சொன்னார். எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது தூங்கினேன், எப்போது எழுந்தேன், தினமும் காலையில் தோராயமாக எழுதினால் போதுமாம். அங்கேதான் என் மானம் போயிற்று.

அதைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அங்கே லிஃப்ட் மாட்டும் வேலைக்குப் போன முதல் மாதம், "நீ பக்கத்துல இல்லாம தூக்கமே வரல வாயாடி" என்று தினமும் புலம்பினீர்கள். பாவமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவும் இருந்தது. பிறகு ஒருநாள், "ஸ்டோர் மேடம் ஒரு வழி சொன்னாங்க, படுக்கிறதுக்கு முன்னாடி வெந்நீர்ல காலை வெச்சுக்கிட்டு உக்காரணுமாம், படுத்ததும் தூங்கிட்டேன்" என்றீர்கள். அன்று போனது என் தூக்கம். பன்னிரண்டு வருஷமாக உங்கள் முதுகைத் தட்டித் தூங்கவைத்தவள் நான். என் இடத்தை ஒரு பக்கெட் வெந்நீர் பிடித்துக்கொண்டது. அதுவும் யார் சொல்லிய வெந்நீர்!

அதற்கப்புறம் எதற்கெடுத்தாலும் ஸ்டோர் மேடம். போல்ட்டுக்கெல்லாம் அவர்கள் சீட்டு ஒட்டி வைத்திருக்கிற அழகு என்ன, ஒரு வாஷர் கூடத் தொலைவதில்லையாம்! "அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒருநாள் சொன்னீர்கள். என்னைப் பற்றி எப்போதாவது அப்படிச் சொல்லியிருக்கிறீர்களா? ஒருநாள் பத்தரை மணிக்குப் போனில் பின்னால் ஒரு பெண் சிரித்தாள், கடைசியில் விக்கல் மாதிரி ஒரு இழுப்போடு. டிவி என்றீர்கள். டிவியில் யாருங்க அப்படிச் சிரிக்கிறார்கள்?

அலாரம் அடித்துவிட்டது. மீதி நாளைக்கு.

இன்று மறுபடி ஆறு மணி. நேற்று எழுதியதைப் படித்தேன். கிழிக்கலாமா என்று தோன்றியது, கிழிக்கவில்லை.

நோட்டு விஷயம். இரண்டு வாரம் கழித்துக் கொண்டுபோய் நீட்டினேன். டாக்டர் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி புரட்டினார். "இதுல ரெண்டு பேர் தூக்கம் இருக்கேம்மா. இதுல யாரு நோயாளி?" என்று கேட்டார். ஆமாம். நடுவில் கோடு போட்டு உங்களுக்கும் எழுதியிருந்தேன். பத்து முப்பத்திரண்டுக்குப் போன். பத்து நாற்பத்தொன்றுக்குக் கொட்டாவி, நிஜம் மாதிரி இல்லை. பத்து ஐம்பதுக்குக் குட்நைட். பதினொன்று இருபதுக்கு ஆன்லைனில் பச்சைப் புள்ளி. பதினொன்று நாற்பத்தைந்துக்கு மறுபடி பச்சைப் புள்ளி. "உங்க பக்கம் பாதி காலி. அவர் பக்கம் மட்டும் நிமிஷம் தவறாம இருக்கு. விடியவிடியக் காவல் காக்கிறவங்களுக்கு எப்படிம்மா தூக்கம் வரும்?" என்றார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

வைத்தியம் என்ன தெரியுமா? பன்னிரண்டரைக்கு முன்னால் கட்டில் பக்கமே போகக் கூடாது. எப்படித் தூங்கினாலும் ஆறு மணிக்கு எழுந்துவிட வேண்டும். பகல் தூக்கம் கிடையாது, மத்தியானத்துக்கு மேல் டீ கிடையாது. படுத்துத் தூக்கம் வரவில்லையென்றால் புரளாமல் எழுந்து வேறு அறைக்குப் போய், கண் சொக்கின பிறகுதான் திரும்ப வேண்டும். முதல் நான்கு நாள் உயிர் போயிற்று. நான் கூடத்தில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அத்தை உள்ளே உங்கள் குறட்டையையே விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேலேகூடப் பொறாமை வந்தது, போங்கள். ஐந்தாம் நாள் படுத்தது தெரியும், விடிந்ததுதான் தெரியும். நேற்றும் அப்படித்தான்.

ஆனால் கடைசியாக ஒன்று சொன்னார். ராத்திரிப் போனை விட்டுவிட வேண்டுமாம். "பேசுங்க, வேண்டாம்னு சொல்லல. சாயங்காலமே பேசி முடிச்சுடுங்க" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வந்து ஒரு வாரமாகியும் உங்களிடம் சொல்ல மனசு வரவில்லை. ஏனென்றால் அந்தப் பத்தரை மணிப் போன் ஆசைக்கு இல்லை. அந்த நேரத்தில் உங்கள் அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறதா என்று பார்க்கத்தான். அதை விட்டுவிட்டால் எனக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விடும். விடாவிட்டால் அடுத்த லென்ஸையும் மாற்றித்தான் பொருத்துவேன். இரண்டில் ஒன்று.

யோசித்துவிட்டேன். நாளையிலிருந்து ஏழு மணிக்குக் கூப்பிடுங்கள். சைட்டிலிருந்தே கூப்பிட்டாலும் சரி, ஸ்டோர் மேடம் பக்கத்தில் நின்று விக்கி விக்கிச் சிரித்தாலும் சரி. பகலில் கேட்டுக்கொள்கிறேன். பத்தரை மணி இனிமேல் உங்களுடையது. பச்சைப் புள்ளியைப் பார்க்க மாட்டேன், சத்தியம். நோட்டில் உங்கள் பக்கத்தை மட்டும் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன், பதினான்கு நாள். இனி உங்கள் தூக்கத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் ஏழு மணிக்குச் சொல்லிவிடுங்கள். எதுவாக இருந்தாலும் பன்னிரண்டரைக்குள் அழுது முடித்துவிடுவேன். ஒன்றும் இல்லையென்றால் இந்தப் பைத்தியக்காரியைத் திட்டிவிட்டு, அந்த வெந்நீரிலேயே காலை வைத்துக்கொள்ளுங்கள். ரொம்பச் சூடு வேண்டாம், உங்கள் குதிகாலில் வெடிப்பு இருக்கிறது. அது அவர்களுக்குத் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தூங்குங்கள். தனியாகத் தூங்குங்கள்.

உங்கள்
வாயாடி