முதலில் முடித்தவளுக்கு இன்னும் இருபது

அன்புக் குட்டிம்மாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். உடம்புக்குக் குறைவில்லை என்று பேருக்குத்தான் எழுதினேன், மனசைக் கேட்கவே வேண்டாம். அப்பா மாடிப்படியில் நின்று நின்று ஏறுகிறார், டாக்டரிடம் போகலாம் என்றால் முழங்கால் வலி போன வாரமே போய்விட்டது என்று வாய் கூசாமல் புளுகுகிறார். தம்பி புது வேலையில் சேர்ந்ததிலிருந்து போனை எடுப்பதில்லை, நீயாவது ஒரு வார்த்தை கேள்.

போன வருஷம் டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்க அலைந்தேனே, அசாத்திய அறிவுள்ள பிள்ளைகளை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி வளர்த்துவிடுவது என்று, அது என்ன லட்சணத்தில் நடக்கிறதென்று பார்க்கச் செவ்வாய்க்கிழமை ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஐந்தாம் வகுப்பு டீச்சர் தங்கமான பெண், பயிற்சியில் முன்வரிசையில் உட்கார்ந்து நான் தும்மியதைக்கூட எழுதிக்கொண்டவள். அவள் வகுப்பில் ஒரு சின்னப் பெண், கேள்விப்பெட்டி என்றே பட்டப்பெயர், பெருக்கல் கணக்கைப் பார்த்த மாத்திரத்தில் விடை சொல்வாளாம். நான் போனபோது எல்லோரும் முடித்துவிட்டார்கள், இவள் மட்டும் சரியான விடையை ரப்பரால் அழித்துத் தப்பாக எழுதிக்கொண்டிருந்தாள். டீச்சர் சிரித்துக்கொண்டே, முன்ன சும்மாவே இருக்க மாட்டா மேடம், இப்ப எவ்வளவு அடங்கிட்டா பாருங்க, எல்லாம் உங்க பயிற்சிதான் என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து ஏன்மா இப்படி என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னாள், சீக்கிரம் முடிச்சா இன்னும் இருபது கணக்கு குடுப்பாங்க, அதையும் முடிச்சா இன்னும் இருபது, மத்தவங்கள்லாம் விளையாடப் போயிடுவாங்க, தப்பாப் போட்டா விட்டுடுவாங்க என்று.

டீச்சரைத் திட்ட வாயெடுத்தேன். பாவம், அவள் என் கையேட்டையே எடுத்து நீட்டினாள். முதலில் முடிக்கும் பிள்ளைக்குக் கூடுதல் வேலை கொடுக்கவும். நானே எழுதிய வரி. வேறு மாதிரி வேலை, யோசிக்க வைக்கிற வேலை என்று வாயால் சொன்னேனா, ஞாபகமில்லை, தாளில் இல்லை. முந்நூறு டீச்சர்கள் கையில் அந்தத் தாள் இருக்கிறது. திருத்தி அனுப்பலாம் என்று மேலதிகாரியிடம் கெஞ்சினேன். அச்சடிச்சது அச்சடிச்சதுதான், பிள்ளைங்க அமைதியா இருக்காங்களே, அப்புறம் என்ன என்கிறார். அந்தச் சின்னப் பெண்ணுக்கு மதிப்பெண் இறங்கிவிட்டதாம், அறிவுள்ள பிள்ளைகளின் சிறப்புப் பட்டியலிலிருந்து அவள் பெயரையும் எடுத்துவிட்டார்கள். தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எனக்கு இனி எந்த வகுப்பிலும் போய் நின்று பேச வாய் வராது.

அதோடு விட்டதா? மூன்று நாளாக உன் நினைப்பாகவே இருக்கிறது. சின்ன வயசில் கணக்குப் புத்தகத்தில் நீ ஒரு பக்கம் முடித்தால் நான் பெருமையோடு அடுத்த பக்கத்தைத் திருப்புவேன், எழுந்திருக்க விட்டேனா உன்னை? ஏழாம் வகுப்பில் திடீரென்று உனக்குக் கணக்கே வராமல் போயிற்று. இது மந்தமாப் போச்சு என்று உன் அத்தைமார் முன்னாலேயே சொன்னேன், நீ நோட்டை மூடிவிட்டு உள்ளே போனாய்.

நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்துவலிக்கு அந்தத் தலையணையை மாற்று. இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல் நிறைந்து வாழ வேண்டும். பதிலில் வேறெதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கணக்குகளை வேண்டுமென்றேதான் தப்பாகப் போட்டாயா, அதை மட்டும் மறக்காமல் எழுது. திட்ட மாட்டேன்.

உன் அம்மா