சிவப்பு வட்டத்துக்குள் கருப்புசாமி அண்ணன்

வேலாண்டிபாளையம், கோவை
ஞாயிறு மத்தியானம்

அன்புத் தம்பி கௌதமனுக்கு அக்கா பொற்கொடி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் நீ பயந்துபோவாய். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறோம் என்று வைத்துக்கொள். உன் கால் வீக்கம் வடிந்ததா? உன் வீட்டுக்காரி அன்புச்செல்வி ஒத்தடம் கொடுக்கிறாளா, இல்லை அவளுக்கும் தோட்டத்து வேலையே சரியாக இருக்கிறதா?

போன் இருக்கிற காலத்தில் அக்காவுக்கு என்ன தபால் கிறுக்கு என்று சிரிக்காதே. நீதான் என்னை பிளாக் செய்து வைத்திருக்கிறாயே. உன் மச்சானை பிளாக் செய்தாய், சரி. என்னை ஏன் செய்தாய் என்று முதலில் புரியாமல் அழுதேன். அப்புறம்தான் தெரிந்தது, நான் குளிக்கப் போன நேரத்தில் என்னைக் கட்டிக்கொண்ட அந்தப் புண்ணியவான் என் போனை எடுத்து உனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். போட்டுக் கேட்டேன். பாதிக்கு மேல் கேட்க முடியவில்லை. அன்புச்செல்வியைக் கூப்பிட்டால் அவளும் எடுப்பதில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

அவர் மோட்டார் கம்பெனியில் இருந்து வெளியே வந்த நாள் முதலாக எங்கள் வீட்டில் ஓயாமல் கொலை நடக்கிறது. காலையில் நான் தாளிக்கும்போது ஒருத்தி ஏரியில் மிதப்பாள். சாயங்காலம் கிளினிக்கிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது ஒருவன் ஃபிரிட்ஜுக்குள் மடங்கிக் கிடப்பான். கொரியாக்காரன், இங்கிலீஷ்காரன் எல்லோரும் டி.வி.யில் நல்ல தமிழில் பேசிக்கொண்டு துப்பறிகிறார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன், இல்லை என்று சொல்லவில்லை. நாளெல்லாம் ஆர்.எஸ்.புரத்தில் உட்கார்ந்து பல்வலிக்காரர்களுக்கு டோக்கன் கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு அடுத்தவர் வீட்டுச் சாவைப் பார்ப்பது ஒரு ஓய்வாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் துப்பறிகிறவன் எவனுக்கும் வீடுவாசல் கிடையாது, கவனித்திருக்கிறாயா? பெண்டாட்டி விட்டுப் போயிருப்பாள், அவனும் சோறு தண்ணி இல்லாமல் மழையில் நின்றுகொண்டிருப்பான். அவனுக்கென்ன, யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படலாம். மகள் கலியாணத்துக்குச் சொந்தக்காரன் வாசலில் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டிய கவலை அவனுக்கு இல்லை.

அந்த நாடகங்களில் ரொம்ப நல்லவனாக வருகிறவன்தான் கடைசியில் கொலைகாரன். பார்த்துப் பார்த்து இவருக்கு நல்லவர்கள் மேலெல்லாம் சந்தேகம் வந்துவிட்டது. நம் யுவஸ்ரீக்கு அமைந்த மாப்பிள்ளை வீட்டார் நகை இவ்வளவு வேண்டும் என்று கேட்கவில்லை அல்லவா, ஏன் கேட்கவில்லை என்று ஒரு வாரம் ஆராய்ந்தார். மாப்பிள்ளையின் அப்பா ஃபேஸ்புக்கில் எதற்கெல்லாம் லைக் போடுகிறார் என்று பின்னாலேயே போய், அவர் உன் கட்சி ஆள் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். நல்லவேளை, யுவஸ்ரீ போனை வாங்கிப் பார்த்தாள். அந்த மனுசர் கண்ணில் பட்டதற்கெல்லாம் லைக் போடுகிறவர். இவர் கட்சித் தலைவர் பிறந்தநாளுக்கும் போட்டிருக்கிறார், கண்ணீர் அஞ்சலிப் போஸ்டருக்கும் போட்டிருக்கிறார்.

முன்பும் உனக்கொரு கட்சி, அவருக்கொரு கட்சிதான். தீபாவளிக்கு நீ மலையிறங்கி வந்தால் இலையில் உட்கார்ந்து இரண்டு பேரும் மல்லுக்கட்டுவீர்கள். நான் ரசம் கொண்டுவந்தால் பேச்சு நின்றுவிடும். அவர் உன் பக்கம் காட்டி, மாப்ளைக்கு முதல்ல ஊத்து என்பார். இப்போது சண்டையெல்லாம் போனில். அங்கே ரசம் ஊற்ற ஆளில்லை. முப்பது நாற்பது சொந்தக்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், அதில் பாதிப் பேர் கை தட்டுகிற பொம்மை போடுகிறார்கள். தேர்தல் கிட்டே வர வர எனக்கு அந்த போன் மணியடித்தாலே சலிப்பாக இருக்கிறது. யார் ஜெயித்தாலும் திங்கட்கிழமை நான் பஸ் பிடித்துத்தான் வேலைக்குப் போக வேண்டும்.

நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் என் பக்கத்திலிருந்து ஒருமுறை கேட்டுக்கொள். நிச்சயத்துக்கு முந்தின நாள் நீ கூப்பிட்டாய். டீ ஃபேக்டரிப் படியில் வழுக்கிக் கால் வீங்கிக் கிடக்கிறது, வால்பாறையிலிருந்து பஸ்ஸில் வளைந்து வளைந்து இறங்க முடியாது என்றாய். நானும், சரி கண்ணு, கலியாணத்துக்கு வந்து தாய்மாமனாகப் புள்ளை நெற்றியில் பட்டம் கட்டினால் போதும் என்றேன். நிச்சயம் முடிந்து இலை எடுப்பதற்குள் இவர் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஃபேஸ்புக்கில் உன் படம். பொள்ளாச்சியில் உன் கட்சிக் கூட்டம். தோளில் துண்டு போட்டு, இரண்டு காலையும் ஊன்றி நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய்.

நான் தடுப்பதற்குள் அந்தப் படத்தை மட்டும் வெட்டி எடுத்து, உன்னைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, ‘கால் வலி ஆசாமி’ என்று எழுதி நம் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டார். நாடகத்தின் கடைசியில் எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்து இவன்தான் என்று கை காட்டுவார்களே, அந்தப் பெருமை அவர் முகத்தில் இருந்தது. அது என்றைக்கோ எடுத்த படம், கால் நீட்டிக் கிடந்தவன் பொழுது போகாமல் போனைத் தடவ, பழைய நினைவு என்று அது காட்ட, நீயும் அதை மறுபடி போட்டிருக்கிறாய் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நீ பழைய படம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். சொந்த மச்சானிடம் சாட்சி காட்டி நிற்க வேண்டுமா என்று உனக்கு ரோசம். அதை விட்டுவிட்டு, பண்ணையத்துல கைகட்டி நின்ன பரம்பரைக்கு வேற என்ன புத்தி வரும் என்று எழுதிப் போட்டுவிட்டுக் குரூப்பை விட்டு வெளியே போனாய். அதை எழுத உனக்கு எப்படிக் கை வந்தது தம்பி? அவருடைய அப்பா பண்ணையத்தில் கைகட்டி நின்றவர்தான். நம் அப்பா எங்கே நின்றார்? அதே தோட்டத்தில், அதே களத்தில்தான் நின்றார். கட்சிக்காரன் எவன் திட்டினாலும் இரண்டு வேளைச் சோற்றைச் சேர்த்துச் சாப்பிடுகிற மனுசன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கு உன் மேலும் கோபம்தான். இன்னும் முழுதாக ஆறவில்லை, மறைக்க மாட்டேன்.

இரண்டு வாரம் முன்னால் ஒருநாள் கிளினிக்கில் கூட்டமில்லை. உன் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நீ பிளாக் செய்ததில் உன் போட்டோவும் போய், பெயருக்கு மேலே வெறும் சாம்பல் வட்டம்தான் தெரிகிறது. அதனால் அந்தப் பாழாய்ப்போன படத்தையே திறந்து பெரிதாக்கினேன். நீ நன்றாகத்தான் சிரித்திருக்கிறாய். உன் தோளை ஒட்டி, அதே சிவப்பு வட்டத்துக்குள், துண்டு மறைத்தது போகப் பாதி முகம் தெரிந்தது. கருப்புசாமி அண்ணன்.

நம் பெரியப்பா மகன். போன ஆடியில் மாரடைப்பில் போனவர். உன் மச்சான் முன்னால் தோள் கொடுத்தார், நீ பின்னால் தோள் கொடுத்தாய். செத்துப்போன மனுசர் இந்தத் தையில் பொள்ளாச்சிக் கூட்டத்தில் எப்படி நிற்பார்? என்னையறியாமல் அண்ணா என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். டாக்டரம்மா பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்த அத்தனை பேரும் அவர் சாவுக்கு வந்து மாரடித்து அழுதவர்கள். அவர் பெண்டாட்டி ராசம்மாள் அண்ணியும் அந்தக் குரூப்பில் இருக்கிறார். அவரும் படத்துக்குக் கீழே சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறார். தன் புருசன் அங்கே நிற்பதை அவரே பார்க்கவில்லை. யார் மாட்டினான் என்று மட்டும்தான் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து இவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கருப்பு மச்சானா என்று மட்டும் கேட்டார். டி.வி.யை நிறுத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். அந்த நாடகங்களில் ஆளைக் கண்டுபிடித்ததும் பாட்டுப் போட்டு முடித்துவிடுகிறார்கள். கண்டுபிடித்தது தப்பாகப் போனால் அடுத்த நாள் காலையில் அவன் யார் வீட்டுக் கதவைத் தட்டுவான், என்ன சொல்லித் தட்டுவான் என்று எவனும் காட்டவில்லை. குரூப்பில் ஒரு வரி போடுங்கள் என்றேன். போனை எடுப்பார், எழுதுவார், அழிப்பார். நானே போடட்டுமா என்றதற்கு, நீ சும்மா இரு என்றார். நான் போட்டால் புருசனைச் சபையில் நிறுத்தியதாகும், போடாவிட்டால் தம்பியைக் கைவிட்டதாகும். இரண்டுக்கும் எனக்குத் தெம்பில்லாமல் படுத்துவிட்டேன்.

அந்தப் படம் அதற்குள் மாப்பிள்ளை வீடு வரைக்கும் போய்விட்டது. சம்பந்தியம்மா நல்ல மாதிரி. ஏனுங், பொண்ணுக்குத் தாய்மாமன் வருவாருங்களா என்று மெதுவாகத்தான் கேட்டார். வருவாருங்க என்றேன். வேறென்ன சொல்வேன். இங்கே நம் ஆட்கள், சித்தப்பா மகன் ஒருத்தனை மாமன் முறைக்கு நிற்க வைத்துப் பட்டம் கட்டச் சொல்லலாம், நேரம் தப்பாமல் முடிந்தால் சரி என்கிறார்கள். யுவஸ்ரீ பூக்காரரிடம் விலை பேசிக்கொண்டிருந்தவள் அப்படியே திரும்பி, “மாமன் வர்லீன்னா எனக்குப் பட்டமே வேண்டாம்மா. வெறும் நெத்தியோட உக்காந்துக்கறேன்” என்றாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அதட்டியிருப்பேன்.

இனி எழுதப் போவது எனக்கே அரைகுறையாகத்தான் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை இவர் விடியற்காலையில் குளித்து, பொள்ளாச்சியில் இரண்டு வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று கிளம்பிப் போனார். பொழுது சாய வந்தார். முகம் வெளுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று கேட்டுக் குடித்துவிட்டுச் சுருண்டு படுத்தார். மலை ரோட்டில் பஸ் ஏறினால் இவருக்கு வாந்தி வரும், உனக்குத்தான் தெரியுமே. பொள்ளாச்சி ரோடு நேர் ரோடு. அதில் யாருக்கும் குமட்டாது.

உன் வீட்டுப் பக்கம் அன்றைக்கு வந்தாரா? வந்து கூப்பிட்டாரா? நீ துரத்திவிட்டாயா? இல்லை, உங்கள் எஸ்டேட் லயன் வீட்டு வரிசை முக்கில் நின்று பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டாரா? கூப்பிட்டிருக்க மாட்டார் என்றுதான் என் மனசு சொல்கிறது. எந்த முகத்தோடு கூப்பிடுவார்.

இன்றைக்குக் காலையில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் இவர் மண்டபக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். சமையல், பந்தல், தண்ணீர் எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அப்பறமுங்க, மேடைப்படி ரொம்பச் செங்குத்தா இருக்குதுங்க. சாய்வா ஒரு பலகை போட்டுக் குடுங்க, பக்கத்துல புடிக்கறதுக்குக் கம்பி வேணுமுங்க. புள்ளைக்கு மாமன் பட்டம் கட்டோணும். எங்க மாப்ளை குச்சி ஊனித்தான் நடக்கறாருங்க.”

நீ குச்சி ஊன்றி நடக்கிறாய் என்று எனக்குத் தெரியாது தம்பி. வீக்கம் என்றுதான் சொன்னாய். அவ்வளவு தூரத்துக்கு ஆகிவிட்டதை என்னிடம் மறைத்துவிட்டாயே. ஈரத்துணியோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உனக்காகவா, அவருக்காகவா என்று தெரியவில்லை. அப்புறம் எழுந்து வந்து இதை எழுத உட்கார்ந்தேன். நான் எழுதுவது அவருக்குத் தெரியும். சமையல்கட்டு வரைக்கும் இரண்டு தரம் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

அந்த மனுசன் வாயிலிருந்து இதற்கு மேல் ஒரு சொல் வராது. எனக்கும் அவரைப் பிடித்து இழுத்து உன் முன்னால் நிறுத்துகிற தெம்பு போய்விட்டது. நீயும் அந்தப் பண்ணையத்துப் பேச்சுக்கு ஒரு விளக்கமும் சொல்ல வேண்டாம். வா, அவர் பக்கத்தில் இலையில் உட்கார், அது போதும். மாசி முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே அன்புச்செல்வியைக் கூட்டிக்கொண்டு கிளம்பு. சீர் சிறப்பெல்லாம் ஒன்றும் தூக்கிவர வேண்டாம், ஒரு கை ஊன்றுகிற குச்சிக்கு, இன்னொரு கை யுவஸ்ரீ நெற்றிக்கு. உன் கால் சீக்கிரம் நேராகட்டும், நீங்கள் இரண்டு பேரும் நன்றாயிருக்க வேண்டும். வருகிறாய் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்: முன்சீட்டாகப் பார்த்து ஏறி, காலை நீட்டி உட்கார்ந்து வா. காந்திபுரத்தில் நீ இறங்குகிற இடத்துக்கு உன் மச்சான் வந்து நிற்பார். அவர் ஒன்றும் பேசாவிட்டாலும் பையை அவர் கையில் கொடு.

இப்படிக்கு,
எந்நேரமும் உன் நினைப்பாக இருக்கும் அக்கா,
பொற்கொடி