மௌனச்சாமிக்குப் பின்னால் நீலத் தொப்பி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் இருமல் குறைந்ததா? தங்கச்சி வேளாவேளைக்கு மருந்து தருகிறாளா?

கோல்ஃபில் பெரிய போட்டிகள் நான்கு. நான்கையும் வென்றவர்கள் மிகச் சிலர். அடுத்து யார் என்பதுதான் எங்கள் அறையில் தினமும் சண்டை. மூன்றை வென்றுவிட்டு, நாலாவதுக்காக அடுத்த மாதம் எங்கள் மைதானத்தில் ஆடப்போகிறவர்கள் இரண்டு பேர். பீமன், மௌனச்சாமி என்பவை அவர்களுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர்கள்.

"பீமன்தான். அவன் அடிச்சா பந்து கண்ணுக்கே தெரியாது" என்கிறார் உடன் தங்கும் சமையல்காரர். நான் மௌனச்சாமி கட்சி.

போன வாரம் பயிற்சியில் மௌனச்சாமி அடித்த பந்து, மணல்குழியைச் சமன்செய்துகொண்டிருந்த என் முழங்காலில் லேசாகப் பட்டது. மனிதர் பதறி ஓடி வந்தார். பிறகு மணலைச் சமன்செய்யும் என் கோலை வாங்கி, மணலில் பதிந்த தன் காலடியைத் தானே அழித்துவிட்டுப் போனார். இவ்வளவு நிதானமான ஆள் ஜெயிக்காமல் வேறு யார் ஜெயிப்பார்?

போட்டியன்று அவர் பின்னாலேயே போய் மணலைச் சமன்செய்யும் வேலையை மேஸ்திரியிடம் கெஞ்சி வாங்கிவிட்டேன். டிவி கேமரா அவரை விட்டு நகராது. "போன்ல உன் முகம் மட்டும்தான்டா தெரியுது" என்பீர்களே, முழுசாகப் பாருங்கள். நீலத் தொப்பி நான்தான்.

சமையல்காரருக்கு முழங்கால் வலி. நீங்கள் தடவும் தைலம் இரண்டு புட்டி அனுப்புங்கள், சீக்கிரம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. டிவியில் நான் நொண்டுவதுபோலத் தெரிந்தால் பயப்படாதீர்கள் அம்மா. மணலில் எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள்.

உங்கள் மகன்