பொன்முடிக்கு ஒரே ஒருவர்

17-11-2024, ஞாயிறு, மலையாள மாதம் விருச்சிகம் 2.

சென்ற ஞாயிறு, 10-ஆம் தேதி, திரைப்படச் சங்கத்தில் பார்த்த படத்தின் நாயகன் குடும்பத்தை உதறிவிட்டுக் காட்டில் தனியே வாழ்ந்தான். மனிதன் தன் மனச்சாட்சிக்கு மட்டுமே கட்டுப்பட்டவன் என்று நான் எழுந்து பேசினேன், கைதட்டினார்கள்.

இன்று மாலை என் மனைவி விசாலம், பொன்முடி மலைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

"ஆரோட போறே?"

"தனியாத்தான். படத்துல அவன் போனா தத்துவம், நான் போனா பிராந்தா, பைத்தியமா? சாயங்காலம் வந்துடுவேன்."

ஒரு பகல் பயணத்துக்குப் பையில் மூன்று புடவைகள் எதற்கு? நான் கேட்கவில்லை. ஐந்தரை மணிப் பேருந்தை ஏழரை என்று சொன்னேன். நாற்பத்தாறு ஆண்டுகளில் நேரத்தைக் குறித்து நான் அவளிடம் சொன்ன முதல் பொய்.

"சரி" என்றாள். ஆனால் அலாரத்தை நான்கு மணிக்கு வைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள்.